மேடைப் பலகைகள்

துலை 5 (ஐப்பசி)

மேடை ஏறியவளுக்கு நாட்குறிப்பு எதற்கு என்று இருந்தேன். சொல்ல வேண்டியதை ஊரறியச் சொல்லிவிடுகிறவளுக்குத் தாளோடு என்ன குசுகுசுப்பு? ஆனால் இன்று தொடங்கியிருக்கும் போரை எந்த மேடையிலும் அறிவிக்க இயலாது. ஆகவே எழுதுகிறேன்.

என் கணவர் அரங்கவேந்தன். அகவை எழுபத்தொன்று. பேருந்து நடத்துநராய் இருந்து ஓய்வு பெற்றவர். ஈராண்டாக மறதிநோய். சென்ற கிழமை நான் கண்ணயர்ந்த வேளையில் வெளியே நடந்து, சத்திரம் பேருந்து நிலையத்தில் நின்று யார் யாரையோ ஏற்றி இறக்கிக்கொண்டிருந்திருக்கிறார். படியில் சறுக்கி விழுந்து நெற்றி பிளந்து, குருதி வழிய வழியப் பயணச்சீட்டுக் கேட்டிருக்கிறார்.

மகள் நன்முல்லை பெங்களூரிலிருந்து ஓடி வந்தாள். தந்தையின் நெற்றிக்கட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"அம்மா, இன்னொரு தடவை அப்பா காணாமப் போனாரு, அடிபட்டாருன்னு போன் வந்துச்சு, நேரா ஹோம்ல சேத்துருவேன். மேடையில கத்துற மாதிரி என்கிட்ட கத்தாத."

"கைப்பிடித்தவரைக் காப்பகத்தில் தள்ளுவதற்கா உன்னைப் பெற்றேன்?"

"பொங்கல் வரைக்கும் டைம் தர்றேன். வீட்ட அவருக்கு ஏத்த மாதிரி மாத்திக் காட்டு. அப்புறம் பேசலாம்."

காட்டுகிறேன். உறையூரில் இரண்டு அறையும் அடுக்களையும் கொண்ட சிறுவீடு எமது. இதைக் கோட்டையாக்குவேன். தச்சரை அழைக்க மாட்டேன். கடையில் வாங்க மாட்டேன். கிடப்பதைக் கொண்டு என் கையால் செய்வேன். மறதியே, நீ நினைவைத் தின்னலாம். என் நிலைப்படியைத் தாண்ட மாட்டாய்.

துலை 8 (ஐப்பசி)

எங்கள் தனித்தமிழ் மன்றத்தில் இப்போது கூட்டங்களுக்கு இரும்பு மேடை வருகிறது. பழைய மரமேடையைப் பிரித்துக் கொல்லையில் மழைக்குப் போட்டிருந்தார்கள். கேட்டேன், கொடுத்தார்கள். பழைய கொடிக்கம்பத்துக் குழாயும் சேர்த்துத் தட்டுவண்டியில் கொணர்ந்தேன்.

மாம்பலகைகள். விளிம்பில் கறையான் வரி. ஒன்றில் ஒலிவாங்கித் தண்டு ஊன்றி ஊன்றிப் பதிந்த வட்டத் தழும்பு. இப்பலகைகளின் மேல் நின்றுதான் முப்பதாண்டு முழங்கினேன். இவற்றின் மேல்தான் நானும் அவரும் மாலை மாற்றினோம். அன்று தாலி இல்லை, தீ இல்லை. உறுதிமொழி ஒன்றே: வீட்டிலும் வெளியிலும் வேற்றுச்சொல் விரவாது பேசுவோம். அன்று அவர் இரங்கராசு என்னும் பெயரைக் களைந்து அரங்கவேந்தன் ஆனார். நானும் பிறந்தபோது இட்ட பெயரைக் களைந்து தடங்கண்ணி ஆனேன்.

நாள் முழுதும் குறடு கொண்டு துருவேறிய ஆணிகளைப் பிடுங்கினேன். அடுத்த வீட்டு லூர்துமேரி, இட்டலி அவித்து விற்பவள், மதிலுக்கு மேல் தலையை நீட்டினாள்.

"என்னக்கா, இத்தன வருசம் மேல ஏறி நின்ன. இப்பக் கீழ உக்காந்து பல்லுப் புடுங்குறியே!"

"கோட்டை கட்டுகிறேன்."

"கட்டு, கட்டு. கோட்டையில எனக்கொரு இட்லிக் கடைக்கு எடம் விடு."

அவர் முற்றத்தில் அமர்ந்து, பிடுங்கிய ஆணிகளை நீளவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தார். நேர்த்தியாக அடுக்கினார். நோயாளி செய்யும் வேலையா அது?

துலை 12 (ஐப்பசி)

கட்டிலின் நான்கு கால்களையும் இரம்பத்தால் அறுத்துக் குட்டையாக்கினேன். இனி விழுந்தாலும் ஒரு சாண் உயரம்தான். முதல் முறை அறுத்தபோது ஒரு கால் குறைந்துவிட்டது. மற்ற மூன்றையும் அதற்கு இசைய மறுபடி அறுத்தேன். தோள் எரிகிறது.

இரண்டு நெடும்பலகைகளை நிறுத்தி, குறுக்கே நான்கு தட்டுகள் அடித்து, அடுக்களைக்கு நிலையடுக்கு ஒன்று செய்தேன். கதவில்லா அடுக்கு. மூடியிருக்கும் எதையும் அவர் மறந்துவிடுகிறார். கண்ணுக்குத் தெரிந்தால் எடுத்துக்கொள்வார். ஒவ்வொன்றின் மேலும் பெயர் எழுதி ஒட்டுகிறேன். வழலை. குளம்பித்தூள். பற்பசை. அறைகளுக்கும் எழுதினேன்: உறங்கறை, அடுக்களை, கழிவறை. அட்டையில் வெள்ளை பூசி, கருஞ்சாயத்தில், என் மேடைப் பதாகைகளை எழுதிய அதே கையெழுத்தில்.

லூர்துமேரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் படித்தாள்.

"வழலைன்னா என்னக்கா? முறுக்கு மாதிரியா?"

"குளிக்கும்போது தேய்த்துக்கொள்வாயே, அது."

"சோப்பா! யேசுவே. எனக்கே புரியல, அண்ணனுக்குப் புரியுமா?"

இவளுக்கு என்ன தெரியும்? எங்கள் வீட்டில் இரண்டு குவளைகள் உண்டு. வேற்றுச்சொல் ஒன்று வாய்தவறி வந்தால், தவறியவர் தம் குவளையில் ஒரு புளியங்கொட்டை போட வேண்டும். ஞாயிறுதோறும் எண்ணிப் பார்த்து, மிகுதியாகத் தவறியவர் அன்றைய ஏனங்களைக் கழுவ வேண்டும். எல்லா ஞாயிறும் அவரே கழுவினார், சிரித்துக்கொண்டு. அப்படிக் கழுவிக் கழுவிக் கற்ற சொற்கள் இவை. எதை மறந்தாலும் இவற்றை மறவார்.

துலை 16 (ஐப்பசி)

கொடிக்கம்பக் குழாயைக் கூடத்துச் சுவரில், படுக்கையிலிருந்து கழிவறை வரை, இடுப்பளவு உயரத்தில் கைப்பிடியாகப் பொருத்தினேன். சுவரில் துளையிட்டு மரக்கட்டை செருகித் திருகாணி முடுக்குவதற்குள் ஒரு பகல் கழிந்தது.

பொருத்தி முடித்ததும் அவரை அழைத்தேன். குழாயைப் பற்றினார். பற்றிய நொடியில் முதுகு நிமிர்ந்தது. கால்களை அகற்றி ஊன்றி, இல்லாத ஆட்டத்துக்கு உடலை ஈடுகொடுத்தார். திங்கள் கணக்கில் காணாத முகம்.

"உள்ள போங்க, உள்ள போங்க! நடுவுல எடம் இருக்குல்ல! ரைட், ரைட்!"

பேருந்தில் இருந்தபோது அவர் ஒருநாளும் அப்படிக் கூவியதில்லை. "போகலாம்" என்றே சொல்வார். ஓட்டுநர்கள் அவரைப் 'போகலாம் கண்டக்டர்' என்று கேலி பேசினர், பயணிகள் அவரைப் போலவே கத்திச் சிரித்தனர், அவர் மாறவில்லை. என் பொருட்டு மாறவில்லை.

"போகலாம் என்று சொல்லுங்கள்," என்றேன்.

என்னைப் பார்த்தார். குழாயிலிருந்து கை நழுவியது.

"போகலாம். சொல்லுங்கள்."

"செக்கிங்கா மேடம்?" என்றார், குரல் தாழ்ந்து. சட்டைப்பையைத் தடவி எதையோ தேடினார்.

நோயின் கொடுமை. தளரக் கூடாது. நாள்தோறும் பயிற்சி கொடுப்பேன்.

துலை 20 (ஐப்பசி)

மழை. தரையைத் துடைத்தேன். மூன்று முறை.

துலை 21 (ஐப்பசி)

குறை எதுவென்று கண்டுவிட்டேன். எழுத்துகள் சிறியவை. கழிவறைக் கதவுக்கு நேரே நிற்கிறார். அட்டையை அண்ணாந்து பார்க்கிறார். பிறகு திரும்பிக் கூடத்து மூலைக்குப் போகிறார். பார்வை மங்கியதால்தான். முழுப் பலகை ஒன்றை எடுத்து, ஒரு முழ உயரத்தில் எழுதி அறைந்தேன்: கழிவறை.

லூர்துமேரி இட்டலி கொண்டு வந்தவள், மூக்கைச் சேலையால் மூடிக்கொண்டாள்.

"அக்கா, சொன்னாக் கோச்சுக்காத. அதுல பாத்ரூம்னு ஒரு சீட்டு எழுதி ஒட்டேன். என்னா கொறஞ்சு போகுது?"

"என் வீட்டுச் சுவரில் அச்சொல் ஏறாது."

"சொவருல ஏறாது. தரையிலதான் ஓடுது."

தரையைத் துடைக்கத் துணி எடுத்தேன். அவள் கொண்டு வந்த இட்டலியைத்தான் அவர் உண்டார்.

துலை 25 (ஐப்பசி)

இன்று பகலெல்லாம் ஒரே கேள்வி.

"விசாலம் எங்க?"

அது நான் களைந்த பெயர். விசாலாட்சி. நாற்பதாண்டுக்கு முன் மேடையில் நின்று, ஊர் கேட்க உதறிய பெயர். மணத்திற்கு முன் அவர் என்னை அப்படி அழைத்ததுண்டு. உறுதிமொழிக்குப் பின் ஒருமுறையும் இல்லை.

"அப்பெயருடையாள் எவளும் இவ்வீட்டில் இல்லை," என்றேன்.

நம்பவில்லை. அடுக்களையில் தேடினார். கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தார். வாயிற்கதவை அசைத்தார். "பஸ் ஸ்டாண்டுல நிப்பா. கடைசி வண்டிக்கு நிப்பா. கூட்டிட்டு வந்துர்றேன்." சென்ற முறையும் அவர் எவளைத் தேடிப் போனார் என்பதை இதற்கு மேல் எண்ணிப் பார்க்க எனக்கு விருப்பமில்லை.

நூறாவது முறை கேட்டபோது எனக்குப் பொறுக்கவில்லை. மேடைக்குரல் எழுந்துவிட்டது. "விசாலம் செத்தாள்! செத்து நாற்பதாண்டு ஆயிற்று! நான் தடங்கண்ணி!"

சுவரோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டார். விளக்கேற்றும் வரை அழுதார். தோளைத் தொட்டேன், தள்ளிவிட்டு, "நீங்க யாருங்க, போங்க, எங்க வீட்டுல சாவு விழுந்திருக்கு," என்றார்.

ஏன் அவ்வளவு அழுதார் என்று விளங்கவில்லை.

அடுக்கின் மூன்றாம் தட்டு ஆடுகிறது. நாளை முட்டுக் கொடுக்க வேண்டும்.

நளி 3 (கார்த்திகை)

அவர் அறைக்கு இதுவரை திரைதான் தொங்கிற்று. எஞ்சிய மேடைப் பலகைகளை இணைத்துக் கதவு செய்தேன். நெடுக்காக ஐந்து பலகைகள், பின்புறம் குறுக்குச் சட்டங்கள் இரண்டு, அவற்றை இணைக்கும் சாய்வுச் சட்டம் ஒன்று. ஒலிவாங்கித் தழும்புள்ள பலகை நடுவே அமைந்தது. இரும்புக் கீல். நல்ல கதவு.

மழையில் மரம் ஊதிக் கதவு தானே திறந்துகொள்கிறது. ஆகவே தாழ்ப்பாள் ஒன்று பொருத்தினேன். உட்புறம் சட்டம் தடுப்பதால் வெளிப்புறம் பொருத்த வேண்டியதாயிற்று.

நளி 9 (கார்த்திகை)

துறையூரில் உரை. தலைப்பு: சொல்லே திறவுகோல். நல்ல கூட்டம். கைதட்டல் அடங்க நெடுநேரம் ஆயிற்று. இருட்டிய பின் வீடு வந்தேன். அவர் உறங்கிவிட்டிருந்தார், கதவடியில், தரையில்.

நளி 10 (கார்த்திகை)

லூர்துமேரி இன்று உள்ளே வரவில்லை. வாயிலில் நின்றே பேசினாள். சிரிப்பில்லை.

"நேத்து எங்கக்கா போயிருந்த?"

"துறையூர்."

"அண்ணன் பொழுதன்னைக்கும் கத்துனாரு. ஹோல்டேன், ஹோல்டேன், ஆள் எறங்கணும்னு. யாரோ டிரைவரத் திட்டுறாரு. வண்டி நிக்க மாட்டேங்குதாம். எல்லாரும் எறங்கணுமாம். நான் சன்னல் வழியாப் பேசிப் பாத்தேன். எங்கிட்ட சில்லறை இல்லைன்னுட்டு அழுவுறாரு. வெளிவாசலையும் பூட்டிட்டுப் போயிருக்க. நான் என்னான்னு தொறக்க?"

"கதவு மழையில் ஊதியதால்..."

"ஊதுச்சாக்கும்." மதிலோரம் காறித் துப்பினாள். "நாய கட்டிப் போட்டாக்கூடத் தண்ணி வெச்சிட்டுப் போவாங்கக்கா."

மழை குறைந்திருக்கிறது. மரமும் வற்றியிருக்கும். இனித் தாழ்ப்பாள் தேவைப்படாது, கழற்றிவிட்டேன். கதவின் உட்புறம் சொரசொரப்பாக இருந்தது. இடுப்பளவு உயரம் வரை உப்புத்தாளால் மறுபடி தேய்த்தேன். அவர் நகங்களையும் வெட்டி, விரல்களுக்கு மருந்திட்டேன்.

இனித் தொலைவூர்க் கூட்டங்களுக்கு ஒப்புக்கொள்வதில்லை.

நளி 16 (கார்த்திகை)

அடுக்களையை முறைப்படுத்தினேன். வீண் என்று எறியும் பொருள் எதுவும் என் வீட்டில் இல்லை. வெற்றுத் தகரப் பெட்டிகளைக் கழுவிக் காயவைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை கொடுத்தேன். பால்மாத் தகரத்தில் உப்பு. எண்ணெய்த் தகரத்தை நறுக்கிக் கரண்டி நிறுத்தும் கூடு. பழைய குளம்பித் தகரம் இறுக்கமான மூடியுடையது, ஈரம் புகாது. அதில் கூடத்து நாற்றத்துக்கு வாங்கிய வெளுப்புத்தூளைக் கொட்டினேன். குளம்பித்தூளைப் புதிய கண்ணாடிக் குப்பிக்கு மாற்றினேன், கண்ணுக்குத் தெரியட்டும் என்று.

எல்லாவற்றின் மேலும் பெயர். தகரத்தின் மேல் ஆவி பறக்கும் குவளைப் படம் அச்சிட்டிருக்கிறது. அதற்குக் கீழே பெரிதாக ஒட்டினேன்: வெளுப்புத்தூள். உண்ணற்க.

அடுக்கு இப்போது அணிவகுத்த படைபோல் நிற்கிறது. நன்முல்லைக்குப் படம் எடுத்து விடுத்தேன். "சூப்பர்மா" என்று எழுதியிருக்கிறாள். தவறிய சொல்தான். ஆயினும் மகிழ்ந்தேன். போர் என் பக்கம் திரும்புகிறது.

நளி 22 (கார்த்திகை)

வெற்றி! காலையில் அடுக்கின் முன் நின்றார். பால்மாத் தகரத்தில் விரலை வைத்து, எழுத்துக் கூட்டி, உரக்கப் படித்தார்.

"உப்பு."

திறந்து காட்டினேன். நாவில் வைத்துப் பார்த்துத் தலையாட்டினார். நான் கைதட்டினேன். அவரும் தட்டினார்.

படிக்கிறார். இனி யாரும் அவரை என்னிடமிருந்து பிரிக்க முடியாது.

நளி 24 (கார்த்திகை)

மருத்துவமனை.

நளி 27 (கார்த்திகை)

உயிருக்கு இடரில்லை என்கிறார்கள். வாயும் தொண்டையும் வெந்துபோயின. குழாய் வழியே நீர் இறங்குகிறது.

நான் அடுத்த அறையில் உரைக்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். அடுக்களையில் அவர் நடமாடும் ஓசை கேட்டது. தகரமூடி திறக்கும் ஓசை. குவளையில் கரண்டி சுழலும் ஓசை. படித்து எடுக்கிறார், தானே கலக்கிக் குடிக்கப் போகிறார் என்று எண்ணினேன். எழுந்து போகவில்லை. தொந்தரவு செய்யக் கூடாது என்று எழுதுகோலைக்கூட மெல்ல வைத்தேன்.

மருத்துவமனையில் ஓர் இளம் மருத்துவர் என்னைப் பிடித்து உலுக்கினார். "என்னம்மா குடிச்சார்? சொல்லுங்க!"

"வெளுப்புத்தூள்."

"அப்டின்னா? என்ன தூள்? எலி மருந்தா? புரியிற மாதிரிச் சொல்லுங்கம்மா, டைம் இல்ல!"

சொன்னேன்.

வீட்டுக்கு வந்து, வெறுமையாய்க் கிடந்த என் குவளையில் ஒரு புளியங்கொட்டையைப் போட்டேன். ஓசை பெரிதாகக் கேட்டது.

மார்கழி 2

நன்முல்லை அடுக்கின் முன் நின்று அந்தத் தகரத்தைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். கத்துவாள் என்று நின்றேன். கத்தவில்லை.

"இதுல காப்பி டம்ளர் படம் இருக்கும்மா."

"கீழே எழுதியிருக்கிறேன்."

"படம் இருக்கும்மா."

அவ்வளவுதான் எங்கள் வழக்காடல். ஆயிரம் பேர் முன் ஒருவரையும் வெல்ல விட்டதில்லை நான். ஓர் அடுக்களையில் இரண்டே சொல்லில் தோற்றேன்.

மார்கழி 17

லால்குடிச் சாலையில் உள்ள காப்பகத்திலிருந்து வண்டி வந்தது.

கூடத்துக் குழாயைப் பற்றிக்கொண்டு விடவில்லை. நன்முல்லை ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். ஒன்றைப் பிரித்தால் மற்றது பற்றிக்கொண்டது. அவளுக்கும் கண்ணீர்.

"அப்பா, வாங்கப்பா. வண்டி நிக்குது பாருங்க."

இப்போது அவர் குரல் காற்றுப் போன துருத்தி. "டிப்போவுக்கா?"

"ஆமாப்பா. டிப்போவுக்குத்தான்."

"அப்ப லைட்ட அணைச்சிரு. பாட்டரி போயிரும்."

தானே விட்டார். என்னைக் கடந்து போகையில், வண்டியில் மீந்த கடைசிப் பயணியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். லூர்துமேரி ஒரு தூக்கில் இட்டலி கொண்டு வந்து வண்டிக்குள் வைத்தாள். அவரால் இன்னும் விழுங்க இயலாது என்று அவளுக்குத் தெரியும். வைத்தாள்.

வண்டி போனபின் கூடத்து விளக்கை அணைத்தேன்.

மார்கழி 21

தரை உலர்ந்தே இருக்கிறது.

மார்கழி 25

சும்மா இருக்கக் கையால் ஆகவில்லை. அவர் அறைக் கதவைக் கீலோடு கழற்றி முற்றத்தில் கிடத்தினேன். கதவைப் பாதியாக அறுத்தேன். ஒரு பாதி இருக்கை, மறுபாதியில் கால்களும் சாய்மானமும். தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நான்கு துளைகள். மரத்தூளைப் பசையில் குழைத்து அடைத்தேன். அடைத்தாலும் நிறம் வேறாகத் தெரிகிறது. எத்தனை முறை தேய்த்தாலும் தெரிகிறது. அப்பக்கத்தை அடியில் வருமாறு திருப்பிவிட்டேன்.

சென்ற சனிக்கிழமை காப்பகம் போயிருந்தேன். மருந்து நாற்றம். வரிசையாகக் கட்டில்கள். தாழ்வாரத்தில் எல்லாரும் தரையில் கால் நீட்டிக் கிடக்கிறார்கள், உட்கார ஒன்றுமில்லை. அவர் நின்றுகொண்டிருந்தார், பக்கச் சுவரில் கையை ஊன்றி. அருகில் போனேன்.

"யாரும்மா நீங்க? எங்க போவணும்?"

"தடங்கண்ணி," என்றேன்.

நெடுநேரம் எண்ணிப் பார்த்தார். "அப்படி ஊரு தெரியலியே," என்றார்.

மார்கழி 28

லூர்துமேரி வந்து இருக்கையில் அமர்ந்து ஆட்டிப் பார்த்தாள். "ஆடல. என்னா கனம்! யாருக்குக்கா?"

"அங்கே போட."

கொஞ்ச நேரம் இருக்கையைத் தடவிக்கொண்டிருந்தாள். "அன்னிக்கு நாய்னு சொல்லிட்டேன். மனசுல வெச்சுக்காத."

"சரியாகத்தான் சொன்னாய்," என்றேன்.

தை 1

பொங்கல். நான் பொங்கவில்லை. லூர்துமேரி வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் வந்தது.

மன்றத்தில் பொங்கல் விழா உரைக்கு அழைத்தார்கள். தொண்டை சரியில்லை என்றேன்.

தை 2

அட்டைகளையெல்லாம் கிழித்துப் புதியன எழுதி ஒட்டினேன். சோப்பு. காப்பித்தூள். பேஸ்ட். பாத்ரூம். கை பழகாததால் பாத்ரூமில் ஓர் எழுத்து கோணிவிட்டது. மறுபடி எழுதினேன்.

வீட்டில் படிக்க யாருமில்லை.

தை 5

இருக்கையைத் தட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். காப்பகத்துக் காவலாளி கதவைத் திறந்துவிட்டு, "பெஞ்சு நீங்களே செஞ்சீங்களா மேடம்?" என்றான். ஆமென்றேன். தாழ்வாரத்தில், அவர் வழக்கமாய்க் கை ஊன்றி நிற்கும் சுவரோரம் போட்டோம். ஒலிவாங்கித் தழும்பு இருக்கையின் நடுவே மேலே தெரிகிறது. அவர் அதை விரலால் சுற்றிப் பார்த்துவிட்டு, சாளரத்துப் பக்கம் ஒதுங்காமல், முன்பக்க ஓரத்தில் உட்கார்ந்தார். நடத்துநர் உட்காரும் இடம்.

நான் அவருக்கு எதிரே நின்றேன். வீட்டிலிருந்து புறப்படும்போதே ஓர் அட்டை எழுதி, ஊக்கு வைத்து மாராப்பில் குத்தியிருந்தேன். வழியெல்லாம் பார்த்தவர்கள் பார்த்தார்கள். ஒரு முழம் இல்லை, விரலளவு எழுத்துத்தான். ஆனால் தெளிவாக எழுதியிருந்தேன்.

கண்ணைச் சுருக்கி, வரும் வண்டியின் பலகையைப் படிப்பதுபோல் படித்தார்.

"வி... சா... லம்."

அட்டையை அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்தேன்.

"விசாலம்." தலையை அசைத்தார். வெந்த தொண்டையிலிருந்து சொற்கள் தேய்ந்து வந்தன. "இந்த ஸ்டாப்பிங் நம்ம ரூட்ல இல்லீங்களேம்மா."

"இருக்குங்க," என்றேன். "கடைசி ஸ்டாப்பிங்."

எண்ணிப் பார்த்தார். விரல் விட்டு ஏதேதோ ஊர்களைக் கூட்டிப் பார்த்தார். பிறகு மெல்ல நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டார்.

"அவ்ளோ தூரம் ஏன் நின்னுக்கிட்டே வர்றீங்க? உக்காருங்க. லேடீஸ் சீட்டுதான்."

உட்கார்ந்தேன். பலகை ஆடவில்லை. சீழ்க்கையடிக்க இரண்டு விரல்களை வாயில் வைத்தார். காற்று மட்டும் வந்தது. மறுபடி முயன்றார். காற்று. வண்டி கிளம்பாமல் நிற்கிறதே என்று அவர் முகம் கலங்கிற்று. முன்னால் ஓட்டுநர் இருக்க வேண்டிய திசையைப் பார்த்தார்.

அவருக்காக நான் குரல் கொடுத்தேன். தாழ்வாரம் முழுதும் திரும்பிப் பார்க்க, ஒலிவாங்கி இல்லாமல் ஊர் கேட்க வைத்த அதே குரலில்.

"ரைட்!"